மந்திரி மாலை போட்ட பெட்டி

போன மாதம் ஒரு டி.வி. சேனலிலிருந்து போன் வந்தது. குரலைக் கேட்டால் வயது கம்மி என்று தெரிந்தது.

"சார், நீங்க எக்ஸ் சர்வீஸ்மேன் தானே? ராணுவமும் தேசப்பற்றும்னு ஒரு விவாதம் வெச்சிருக்கோம். பாதுகாப்பு நிபுணரா வந்து உக்காருறீங்களா?"

நான் நிபுணர் இல்லை, சுபேதாராக ரிட்டயர் ஆனவன் என்றேன்.

"பரவால்ல சார், கீழ நிபுணர்னு போட்டுக்கலாம். ஆவேசமா பேசுவீங்களா?"

கால் நூற்றாண்டுக்கு மேல் சர்வீஸ் போட்டவன் நான். ஆவேசமாகப் பேசிய ஒருவனை எல்லையில் பார்த்ததில்லை. அங்கே கத்தினால் எதிராளிக்கு நாம் இருக்கும் இடம் தெரிந்துவிடும். கத்துவதற்கு ஏ.சி. ரூம் வேண்டும், பின்னால் எரிகிற மாதிரி சிவப்புப் படம் வேண்டும், பக்கத்தில் கத்துவதற்கு இன்னும் மூன்று பேர் வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உடனே ஒரு வீடியோவை அனுப்பி வைத்தான். நிகழ்ச்சி ஆரம்பத்தில் அதைத்தான் போடுவார்களாம். ஒரு சவப்பெட்டி, அதன்மேல் தேசியக் கொடி, கொடியின்மேல் பெரிய மாலை. பெட்டிமேல் நெற்றியை வைத்துக் கண் மூடி நிற்கிறார் ஒரு மந்திரி. ஓரத்தில் விறைப்பாக நிற்பது நான்.

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்தில் சின்னவர்கள் வெகு நாளாக ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர் ஆம்பூர் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

நான் குடியாத்தத்துக்காரன். வீட்டில் தறி. லுங்கி நெய்து முதுகு வளைவதைவிட முதுகை நிமிர்த்தி நிற்கிற வேலைக்குப் போகலாம் என்று பட்டாளத்துக்குப் போனேன். டிரெயினிங்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஓடினோம், திட்டு வாங்கினோம், மறுபடி ஓடினோம். ஒரு நாள் திட்டு நின்றது. அன்றைக்கு நாங்கள் சிப்பாய் ஆகிவிட்டோம் என்று அர்த்தம்.

இப்போது பட்டாளத்துக்கு நாலு வருஷத்துக்கு மட்டும் ஆள் எடுக்கிறார்கள். அதை ஆதரித்துப் பேசும் கட்சிக்காரரின் பையனும் அதில் சேரவில்லை, எதிர்த்துப் பேசும் கட்சிக்காரரின் பையனும் சேரவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாட்டில் பூரண ஒற்றுமை. என் கருத்தைக் கேட்டால், ரெஜிமெண்ட் என்பது வாடகை வீடு இல்லை. பக்கத்தில் படுப்பவனின் அம்மா பெயர் தெரியவே ஒரு வருஷம் ஆகும். அது தெரியாதவனுக்காக எவனும் குண்டுக்கு முன்னால் போகமாட்டான். இதைச் சொன்னால் ஒரு கூட்டம் என்னைத் தேசத்துக்கு எதிரானவன் என்கிறது. சிப்பாய்க்கு மரியாதை கொடுங்கள் என்று சொன்னால் இன்னொரு கூட்டம், "சம்பளம் வாங்கிக்கிட்டுத்தானே போறாங்க" என்கிறது. கேட்கிறவரும் சம்பளம்தான் வாங்குகிறார். அவர் ஆபீசில் மழை பெய்தால் லீவு.

எனக்கு அரசியலில் புது யோசனை எதுவும் கிடையாது. பழைய யோசனைதான். வரிசையில் நிற்கத் தெரிய வேண்டும். பெரியவர் பேசும்போது வாயை மூடத் தெரிய வேண்டும். அவரவர் சாமியை அவரவர் கும்பிட விட வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிற எவனும் அதற்கு முன்னால் ஆறு மாதம் சென்ட்ரி நின்றிருக்க வேண்டும். இப்படிச் சொன்னால் என்னைப் பிற்போக்கு என்கிறார்கள். சரி, பிற்போக்காகவே இருந்துவிட்டுப் போகிறேன். முன்னால் போனவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதைத் தினமும் டி.வி.யில் பார்க்கிறேனே.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பட்டாலியனில் சுபேதார் மேஜராக இருந்தவர் ஏகாம்பரம். நெமிலிப் பக்கம் விவசாயக் குடும்பம். குட்டையான ஆள், சிரிக்கமாட்டார், வாக்கியத்தை முழுதாக முடிக்கமாட்டார். பாதி சொல்லிவிட்டு நம்மைப் பார்ப்பார். மீதி நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பட்டாலியனில் யாராவது இறந்தால் உடலோடு ஊருக்குப் போகிற ஆளை அவர்தான் தேர்ந்தெடுப்பார். அதே ஜில்லாக்காரனாக, அதே பாஷை பேசுகிறவனாக, குடிக்காதவனாக இருக்க வேண்டும். அந்த மூன்றாவது நிபந்தனையால் எனக்கு அடிக்கடி அந்த வேலை வந்தது.

கிளம்பும் முன் தன் ரூமுக்குக் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொல்வார். புத்தகத்தில் இருக்கும் சட்டம் வேறு. இது அவர் சட்டம்.

வண்டியில் பெட்டியைத் தனியாக விடாதே, பக்கத்தில் எப்போதும் ஒருத்தன் உட்கார்ந்திருக்க வேண்டும். ஊர் போனதும் பெட்டியை இறக்காதே. முதலில் நீ உள்ளே போய் அப்பாவிடம் பேசு. பெட்டி முன்னால் போய்விட்டால் அதற்கப்புறம் உன் பேச்சு யார் காதிலும் ஏறாது. 'உங்கள் மகன்' என்று சொல்லாதே, பெயரைச் சொல். கொடியின்மேல் பூவோ மாலையோ துண்டோ எதையும் வைக்க விடாதே, எல்லாம் கீழே. அடக்கம் எத்தனை மணிக்கு என்பதை வீடு சொல்லும், வேறு எவனும் சொல்லக் கூடாது.

கடைசியாக ஒன்று சொல்வார். "டி.வி.காரன் மைக் நீட்டினா ஹிந்தியில பேசு."

"எதுக்கு சாப்?" என்று முதல் தடவை கேட்டேன்.

"நம்ம ஊர்ல அதுக்கு மேல எவனும் நிக்கமாட்டான்."

சோதித்துப் பார்த்திருக்கிறேன். கண்ணீர்ப்புகை கூட இவ்வளவு வேகமாகக் கூட்டத்தைக் கலைக்காது.

நாயக் ரேங்கில் இருந்த அன்வர் இறந்தபோதும் நான்தான் போனேன். அப்போது நான் நாயப் சுபேதார். அன்வர் எங்கள் டிரைவர். அப்பா கரீம் பாய் தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் ஓட்டுகிறவர். ஊறப்போட்ட தோலை மருந்தோடு போட்டுச் சுற்றுகிற பெரிய மரப் பீப்பாயை இந்தப் பக்கத்தில் டிரம் என்போம். அன்வர் மலைப்பாதையில் மண்ணெண்ணெய் ஏற்றிப் போகும்போது மழையில் ரோட்டின் ஓரம் சரிந்துவிட்டது. வண்டி சாய ஆரம்பித்ததும் கூட இருந்த இரண்டு பேரையும் குதிக்கச் சொன்னான். அவர்கள் குதித்தார்கள். அவன் ஸ்டியரிங்கை மலைப் பக்கம் ஒடித்துப் பிடித்துக்கொண்டே இருந்தான். விட்டிருந்தால் மூன்று பேரும் போயிருப்பார்கள். வண்டி அவனோடு பள்ளத்தில் விழுந்தது. நடந்தது இவ்வளவுதான்.

டி.வி.க்கு இது போதவில்லை. நாங்கள் தெருவில் நுழையும்போதே டிஷ் வைத்த வேன்கள் நின்றிருந்தன. நான் வண்டியிலிருந்து கால் வைத்ததும் ஒருவர் மைக்கை நீட்டினார். "சார், எத்தனை தீவிரவாதிகளைச் சுட்டார்?" இன்னொரு சேனல்காரர் அவரைத் தள்ளிவிட்டு, "இஸ்லாமியர்ங்கிறதால அவருக்கு ராணுவத்துல பாகுபாடு இருந்துச்சா?" என்றார். ஒருவருக்கு அவன் யாரையாவது கொன்றிருக்க வேண்டும். மற்றவருக்கு அவனை யாராவது அழவைத்திருக்க வேண்டும். அவன் வண்டி ஓட்டினான் என்பதை இரண்டு பேருமே கேட்கத் தயாராக இல்லை. நான் ஹிந்தியில், "பெட்ரோல் போட வேண்டும், பங்க் எங்கே?" என்று கேட்டேன். இருவரும் கலைந்தார்கள்.

தெரு முனையில் ஒரு ஃபிளெக்ஸ் தொங்கியது. மந்திரியின் முகம் வாசல் கதவு அளவு. அதன் கீழே உள்ளூர்ப் பிரமுகர்களின் முகங்கள் வரிசையாக. எல்லோருக்கும் கீழே ஸ்டாம்ப் அளவில் அன்வர். அதுவும் முகம் மட்டும்தான் அன்வர். உடம்பு யாரோ ஒரு கர்னலுடையது, மார்பு நிறைய மெடல். நாயக்கை ஒரே ராத்திரியில் கர்னல் ஆக்க எங்கள் ராணுவத்தால் முடியாது. ஃபிளெக்ஸ் கடையால் முடிகிறது.

நான் சட்டப்படி முதலில் உள்ளே போனேன். கரீம் பாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தோல் மருந்து ஏறிய விரல்கள், நகமெல்லாம் நீலம். "அன்வரைக் கொண்டுவந்திருக்கோம், பாய்" என்றேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். குதிக்கச் சொன்னது, ஸ்டியரிங்கைப் பிடித்தது, எல்லாம். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"முகம் நல்லா இருக்கா சார்?"

"நல்லா இருக்கு, பாய்."

"அவங்க அம்மா பாக்கட்டும். அப்புறம் அஸர் தொழுகை முடிஞ்சதும் எடுத்துடலாம். அவன் கிளம்பி ரொம்ப நாளாச்சு. இன்னும் வெளியில வெச்சிருந்தா அது பாவம். இருட்டறதுக்குள்ள மண்ணுக்குப் போயிடணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம் சார். இது ஒண்ணுதான்."

சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாசலில் டில்லிபாபு நின்றிருந்தார். ஆளுங்கட்சியின் டவுன் பொறுப்பாளர். பக்கத்தில் தாசில்தார், கையில் கர்ச்சீப்.

"சாமி, இன்னா டைம்னு சொன்னாங்க?" என்றார் டில்லிபாபு.

"அஸர் முடிஞ்சதும். சாயங்காலம்."

"ஐயய்யோ! அமைச்சர் ஜோலார்பேட்டைல ஃபங்ஷன்ல இருக்காரு. முடிச்சிட்டு ஏழு மணிக்குத்தான் வருவாரு. ஏழு மணி நியூஸ்ல லைவ். நீங்க கொஞ்சம் லேட் பண்ணுங்க."

"வீட்ல சொல்ற டைம்தான் டைம்."

"இன்னாங்க நீங்க, பேஜார் பண்றீங்க. ஒரு ரெண்டு மணி நேரம். போனவரு எங்க போயிடப் போறாரு?"

இந்த வாக்கியத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. தாசில்தார் தரையைப் பார்த்தார். நல்ல மனிதர்தான், ஆனால் ரிட்டயர் ஆக இன்னும் வருஷம் பாக்கி இருந்தது. "மேலிடத்துல சொல்லியிருக்காங்க சார். அரசு மரியாதை இருக்கு இல்லையா, அமைச்சர் இல்லாம எப்படி..." என்று இழுத்தார்.

"உங்க மரியாதைய எப்ப வேணா குடுங்க சார். எங்க மரியாதை அஸருக்கு அப்புறம்."

"உங்க ஆபீசர்கிட்ட நான் பேசணுமா?" என்றார் டில்லிபாபு.

"நானே பேசறேன்" என்று சுபேதார் மேஜருக்குப் போன் போட்டேன். மந்திரி, ஏழு மணி, லைவ், தாசில்தார் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"அன்வர் யாரு புள்ள?"

"கரீம் பாய் புள்ள, சாப்."

"மந்திரி புள்ள இல்லயே?"

"இல்ல சாப்."

"அப்புறம் எதுக்கு எனக்கு போன்? காசு ஜாஸ்தியா இருக்கா?"

வைத்துவிட்டார். சட்டம் சொல்லும் நேரம் தவிர, அந்த ஒரு தடவைதான் அவர் என்னிடம் வாக்கியத்தை முழுதாக முடித்தார்.

பெட்டியை இறக்கிப் பந்தலில் இரண்டு பெஞ்சுமேல் வைத்தோம். தெரு முழுக்க ஆட்கள். லுங்கி கட்டியவர்கள், தோல் ஷாப்பிலிருந்து பாதி வேலையில் வந்தவர்கள், மூன்று தெரு தள்ளியிருந்த மாரியம்மன் கோயில் பூசாரி, எல்லோரும் இருந்தார்கள். கூட்டத்தில் எவனும் கோஷம் போடவில்லை. கோஷம் போட ஆள் கொண்டுவரும் வேன் ஜோலார்பேட்டையில் மந்திரியோடு இருந்தது.

என்னோடு வந்த குழு துப்பாக்கிகளைத் தலைகீழாகச் சாய்த்துப் பிடித்து நின்றது. கொடியை எடுத்து மடித்தோம். அதை அம்மாவிடம் தர வேண்டும். அவர்கள் வழக்கத்தில் பெண்கள் அடக்கம் செய்கிற கபர்ஸ்தானுக்கு வருவதில்லை, அதனால் வீட்டு வாசலிலேயே தருவது என்று முடிவு. கேமராக்காரர்கள் ஏணி போட்டுக்கொண்டு ஏறினார்கள். ஒருவர், "சார், அம்மாவ கொஞ்சம் வெளிய வந்து வாங்கச் சொல்லுங்க, லைட் இல்ல" என்றார். நான் குழுவைப் பார்த்து ஒரு ஆர்டர் கொடுத்தேன். மொத்தப் பேரும் வாசலுக்கும் கேமராவுக்கும் நடுவில் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். கேமராவில் பதிவானது ராணுவத்தின் முதுகு. நான் உள்ளே போய்க் கொடியைக் கொடுத்தேன். அந்த அம்மா அதை வாங்கி, மார்போடு வைத்துக்கொண்டு, "இவனுக்குப் போர்த்திக்கிட்டு வந்ததா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அங்கே நடந்தது இவ்வளவுதான். எந்தச் சேனலிலும் வரவில்லை.

பிறகு பள்ளிவாசல் ஜமாஅத்துக்காரர்கள் அன்வரைப் பெட்டியிலிருந்து எடுத்து, செய்ய வேண்டியதைச் செய்து, வெள்ளைத் துணியில் சுற்றி, பள்ளிவாசலின் பொதுப் பெட்டியான சந்தூக்கில் வைத்துத் தோளில் தூக்கினார்கள். தோள் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே போனார்கள். நானும் ஒரு பக்கம் கொடுத்தேன். தொழுகை முடிந்தது. கபர்ஸ்தானில் துப்பாக்கிகள் வானத்தைப் பார்த்து வெடித்தன, பியூகிள் ஊதினோம். கரீம் பாய் கையால் மண் போட்டார். வெளிச்சம் இன்னும் இருந்தது. அவர் கேட்டது அவருக்குக் கிடைத்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவர்கள் முறையில் பெட்டியோடு புதைப்பதில்லை. சந்தூக் பள்ளிவாசலுக்குத் திரும்பிவிடும். எங்கள் ராணுவப் பெட்டி பந்தலிலேயே, மூடி திறந்து, காலியாகக் கிடந்தது.

திரும்பி வந்து பார்த்தால் பெட்டி அப்படிக் கிடக்கவில்லை. மூடி மூடியிருந்தது. மேலே ஒரு கொடி. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கியதாம். ஊதுபத்தி எரிந்தது. சீரியல் லைட் போட்டிருந்தார்கள். ஃபிளெக்ஸைப் பிரித்துக்கொண்டுவந்து பெட்டிக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள். டில்லிபாபு வேர்த்து ஊற்றிக்கொண்டு ஓடி வந்தார்.

"சாமி, கையெடுத்துக் கும்புடறேன். அமைச்சர் பாதி வழி தாண்டிட்டாரு. எல்லாம் முடிஞ்சிட்ச்சுன்னு சொன்னா என் கதையும் முடிஞ்சிடும். அடுத்த மாசம் கவுன்சிலர் சீட்டு. அவரு வந்து மாலை வெச்சிட்டு அஞ்சு நிமிஷத்துல போய்டுவாரு. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், சும்மா நின்னா போதும்."

"டி.வி.காரங்களுக்குத் தெரியுமே. கபர்ஸ்தான் வரைக்கும் பாதிப் பேர் வந்தாங்களே."

"அவங்களுக்கு இன்னா சார், ஏழு மணிக்கு இன்னாவாவது வேணும்."

சைரன் கேட்டது. கார்கள் வந்தன. கோஷம் போடுகிற வேனும் வந்துவிட்டது, தெருவே அதிர்ந்தது. மந்திரி இறங்கி, நடையை மெதுவாக்கி, முகத்தைத் தொங்கவிட்டு, பெட்டிக்கு வந்தார். மாலையைக் கொடியின்மேலேயே வைத்தார். சுபேதார் மேஜர் இருந்திருந்தால் மந்திரியின் கை மணிக்கட்டோடு நின்றிருக்கும். நான் தடுக்கவில்லை. அது எங்கள் கொடி இல்லை, உள்ளே எங்கள் ஆளும் இல்லை. மந்திரி நெற்றியைப் பெட்டியில் வைத்தார். பின்னால் ஒரு நிருபர் உடைந்த குரலில், "வீரரின் உடலுக்குக் கண்ணீர் அஞ்சலி, நேரலையில் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்" என்றார். கபர்ஸ்தானில் எனக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றவர் அவர்.

 ஒரு அடி முன்னால் வைத்தேன். வாயைத் திறந்திருப்பேன். தோளில் ஒரு கை விழுந்தது. கரீம் பாய். விரல்களில் கபர் மண் இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது.

"வேணாம் சார், விடுங்க."

"காலிப் பெட்டிய வெச்சிக்கிட்டு நாடகம் போடறாங்க, பாய்."

"போடட்டும். எம்புள்ள நல்லபடியா போய்ச் சேர்ந்துட்டான். இது அவங்க பெட்டி."

மந்திரி நிமிர்ந்தார். கரீம் பாயின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கேமரா பக்கம் திருப்பி, "உங்க புள்ள எங்க புள்ள" என்றார்.  மந்திரி கையை எடுத்ததும் உள்ளங்கையில் மண் இருப்பதைப் பார்த்தார். உதவியாளர் உடனே ஈரத்துணி நீட்டினார். துடைத்துக்கொண்டே என்னிடம், "ராணுவ மரியாதை எல்லாம் முடிஞ்சிட்டதா?" என்று கேட்டார்.

"முடிஞ்சிடுச்சு சார்."

"குட்" என்றார். வேறு எதையும் கேட்கவில்லை. கார்கள் போயின. டில்லிபாபு பெஞ்சில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். சீட்டு அவருக்குக் கிடைத்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

பெட்டியை வண்டியில் ஏற்றினோம். கொடியைப் பள்ளிக்கூடத்துக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். மாலையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, பெட்டியோடேயே வந்தது. பட்டாலியனில் போய் நின்றதும் சுபேதார் மேஜர் கேட்டார்.

"அடக்கம்?"

"வீட்ல சொன்ன டைமுக்கு, சாப்."

"பெட்டி?"

"காலியா வந்திருக்கு. மந்திரி மாலை போட்டிருக்காரு." மொத்தக் கதையையும் சொன்னேன்.

சிரிக்காத மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் கொஞ்ச நேரம் குலுங்கியது. திரும்பும்போது முகம் பழையபடி இருந்தது. "மாலைய ஸ்டோர்ல..." என்றார். மீதி எனக்குத் தெரியும். ஸ்டோரில் பெட்டியை வாங்குவார்கள், மாலையை வாங்கமாட்டார்கள், தூக்கிப் போடு.

அந்தப் பெட்டியின் படத்தைத்தான் வருஷா வருஷம் எல்லாச் சேனலிலும் போடுகிறார்கள். ஒரு கட்சி, எங்கள் அமைச்சர் சிப்பாய்க்காகக் கண்ணீர் விட்டார் என்கிறது. எதிர்க்கட்சி, கண்ணீர் வரவில்லை, ஜூம் பண்ணிப் பாருங்கள் என்கிறது. தேசப்பற்றாளர்கள் அந்தப் படத்துக்குப் பாட்டுப் போட்டு ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். முற்போக்காளர் ஒருவர் அந்தப் பெட்டியை வைத்து, ராணுவம் தேவையா என்று நீளமாக ஒரு கட்டுரை எழுதினார். இத்தனை பேரில் ஒருவரும் உள்ளே யார் என்று கேட்கவில்லை.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் சேனல் தம்பி மறுபடி கூப்பிட்டான். "வர்றீங்களா சார்? அந்த உணர்ச்சிகரமான தருணத்தைப் பத்தி முதல்ல உங்ககிட்டதான் கேப்போம்."

"கேளுப்பா. பெட்டி காலின்னு சொல்றேன்."

"புரியல சார்."

புரியும்படி சொன்னேன். 

"சார், அத மட்டும் சொல்ல வேணாமே. ஃபுட்டேஜ் நல்லா இருக்கு."

நான் ஹிந்தியில் பேச ஆரம்பித்தேன். அவன் போனை வைத்துவிட்டான்.

இதை அச்சில் கொடுக்கும் முன் கரீம் பாயிடம் கேட்க வேண்டும் இல்லையா? நேரில் போனேன். டிரம் வேலையை விட்டுவிட்டார், கண் கொஞ்சம் மங்கல், குரல் அப்படியேதான் இருக்கிறது. அந்த அம்மா டீ கொண்டுவந்து வைத்தார். எழுதப் போகிறேன், பெட்டி விஷயம் வெளியே வந்துவிடும், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன், அவரும் சுற்றி வளைக்கவில்லை.

"எழுதுங்க சார். இத்தினி நாள் அந்தப் பெட்டியே அவங்களுக்குப் போதுமா இருந்துச்சு. எம்புள்ளகிட்ட ஒருத்தனும் வந்து சத்தம் போடல. பெட்டி காலின்னு தெரிஞ்சா இனிமே தேடிக்கிட்டு வருவாங்க." டீயை ஒரு வாய் குடித்தார். "கபர்ஸ்தானுக்கு வழி மட்டும் எழுதிடாதீங்க."

எழுதவில்லை.